மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் கடல் பாதுகாப்பை எப்படிக் கற்பிப்பது?

வடகடல் ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் நீரிணைக் கரையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலானோர் நாட்டுப்படகையோ விசைப்படகையோ நம்பி வாழும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். சிலருடைய தாய்மார்கள் பாசி எடுக்கப் போகிறார்கள். வேறு சிலருடைய தாய்மார்கள் வலையிலிருந்து நண்டு கழற்றவும் கருவாடு காயவைக்கவும் கூலிக்குப் போகிறார்கள். இந்த ஆண்டு பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கடல் பாதுகாப்பு என்ற ஒரே பொருளை ஆண்டு முழுவதும் எடுத்துச் செய்யலாம் என்று தலைமையாசிரியரும் இசைவு தந்திருக்கிறார்.

இதற்காக நான் திரட்டிய படங்களும் கையேடுகளும் பெரும்பாலும் விடுமுறைக்குக் கடற்கரைக்கு வந்துபோகும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாக இருக்கின்றன. கடல் அழகானது, அதில் அரிய உயிரினங்கள் வாழ்கின்றன, ஆகவே நெகிழிப் பையை வீசாதீர்கள் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. விடியற்காலையில் தந்தையோடு வலை வளைத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் ஒரு மாணவனிடம் இதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது.

சென்ற மாதம் பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினங்களின் விளக்கப்படத்தைக் கரும்பலகைக்கு அருகில் மாட்டினேன். கடற்பசு, கடல் ஆமை, கடல் குதிரை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து கடல் அட்டைக்கு வந்தபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "அட்டை எடுத்தா ஜெயிலு, மடி இழுத்தா மானிய டீசலா, டீச்சர்?" என்று கேட்டான். மண்புழுபோல் கடலடியில் கிடக்கும் கடல் அட்டையை எடுப்பது இங்கே சட்டப்படி குற்றம்; மடி என்று அவன் சொன்னது, விசைப்படகுகள் கடலடியைக் கிளறி இழுத்துச் செல்லும் இழுவைமடி வலையை. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போக எனக்கு மனமில்லை. அதற்கு விடை சொல்லாமல் கற்பிக்கும் எந்தப் பாதுகாப்பும் அவர்களிடம் ஒட்டாது என்றே தோன்றுகிறது.

பிழைப்பும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று மோதும் இடங்களை இந்த வயதுப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது? கடற்கரையில் குப்பை பொறுக்குவதைத் தவிர, அதிகச் செலவும் ஆபத்தும் இல்லாமல் செய்யக்கூடிய செய்முறைகள் எவை? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கோடியக்கரை எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டக் கரையோரப் பள்ளிகளில் நெடுங்காலம் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உயிரினங்களின் பட்டியலிலிருந்து தொடங்காமல் வலையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. உயிரினப் பட்டியலில் ஆசிரியர்தான் அறிந்தவர், பிள்ளைகள் கேட்பவர்கள். வலையை மேசைமேல் விரித்ததும் அந்த நிலை தலைகீழாகிவிடும்.

கழித்துப்போட்ட வலைத் துண்டுகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். நண்டு வலை, தங்கூசி என்னும் ஒற்றை நைலான் இழையில் பின்னிய வலை, இழுவைமடியின் அடிப்பகுதி என்று நான்கைந்து வகை கிடைத்துவிடும். ஒரு கண்ணியின் எதிரெதிர் முடிச்சுகளை இரண்டு விரல்களால் பிடித்து இழுத்து, அந்த நீளத்தை அளவுகோலால் அளந்து, குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். பிறகு சந்தையில் கிடைக்கும் மீன்களின் உடல் அகலத்துக்கு ஏற்ப அட்டையில் மீன் வடிவங்களை வெட்டி, எந்த மீன் எந்தக் கண்ணியில் நுழைந்து வெளியேறுகிறது, எது மாட்டிக்கொள்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இழுவைமடியின் கடைசிப் பைக்கு வரும்போது வகுப்பே கவனித்துவிடும். அகலமான கண்ணி இருந்தாலும், பை நிறைந்து இழுபடும்போது கண்ணி நீண்டு குறுகிவிடுவதால் குஞ்சு மீன்களும் தப்ப முடிவதில்லை என்பதை அவர்களே கையால் இழுத்துக் கண்டுபிடிப்பார்கள். அப்படி வரும் குஞ்சு மீன்கள் கோழித்தீவனத்துக்கும் மீன் மாவு ஆலைக்கும் போவதை அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். பெரிதாகியிருந்தால் அந்த மீன் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போடச் சொல்வது மட்டுமே உங்கள் வேலை.

அடுத்தது, நண்டு. சினை நண்டின் அடிவயிற்று மடிப்புக்கு வெளியே பஞ்சு போல ஒட்டியிருக்கும் முட்டைத் திரள் தொடக்கத்தில் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருந்து, பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கப் பழுப்பாகிக் கடைசியில் கருஞ்சாம்பல் நிறத்துக்கு மாறும். இந்த நிறமாற்றத்தைக் கரையில் நண்டு கழற்றும் எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவார். அதற்குக் காரணம், முட்டைக்குள் இளம் உயிரியின் கண் வளர்வதும் மஞ்சள் கரு கரைவதும் என்பதைச் சொல்ல நீங்கள் வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் கருஞ்சாம்பல் முட்டையில் கண்புள்ளிகளைக் காட்டலாம். சாம்பல் நிறத்தில் இருக்கும் நண்டைக் கடலில் விட்டால் எத்தனை நாளில் என்ன நடக்கும், விற்றால் எவ்வளவு கிடைக்கும், விட்டுவிடும்படி யாரிடம் கேட்பது நியாயம் என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரு வகுப்புவேளை போதாது.

மீன்பிடித் தடைக்காலத்தையும் விட்டுவிடாதீர்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு இது 45 நாட்களாக இருந்தது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதுதான் பாடநூல் தரும் காரணம். எல்லா மீன்களும் அந்த இரண்டு மாதங்களில்தான் சினையாகின்றனவா என்று தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். வாடைக்காற்றில் எது, கச்சான் என்னும் மேல்காற்றில் எது, கொண்டல் என்னும் கீழ்க்காற்றில் எது என்று மாதவாரியாக ஓர் அட்டவணை உருவாகும். தடைக்காலம் எந்த மீனுக்கு உதவுகிறது, எதற்கு உதவவில்லை என்பது அதிலிருந்து தெரியவரும். சட்டத்தைக் குறைசொல்வதற்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு விதி எதன் அடிப்படையில் எழுதப்படுகிறது என்று பிள்ளைகள் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்று இருக்கும் ஏற்பாடும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது அடிதடிக்குப் பிறகு பேசி முடிவான ஏற்பாடு என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.


கடற்புல் மாணவன் எழுதியது:

கோடியக்கரை ஐயா எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். பாக் நீரிணையின் கடற்புல் படுகைகளில் களப்பணி செய்துவரும் ஆய்வு மாணவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

கடல் பாதுகாப்பு என்றதும் பவளப்பாறையைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் முக்கியமானவைதாம். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் அங்கே அறிவிக்கப்பட்டன. ஆனால் உங்கள் பள்ளி இருப்பது வடகடல் என்று சொல்லப்படும் பாக் நீரிணைப் பக்கம். அங்கே கரையிலிருந்து இறங்கி நடந்தாலே காலில் தட்டுப்படுவது தாழை என்று மக்கள் சொல்லும் கடற்புல். கடற்புல்லையும் பாசியையும் பிள்ளைகள் மட்டுமன்றிப் பெரியவர்களும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். பாசிக்கு வேரில்லை, பூவில்லை. கடற்புல் வேர்விட்டு, கடலுக்கடியிலேயே பூத்து, காய்த்து, விதை உதிர்க்கும் தாவரம்.

இதைக் கற்பிக்கக் கடலுக்குள் இறங்க வேண்டியதே இல்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் தாழைக் குவியலிலிருந்து ஒரு கூடை அள்ளிவந்து, நல்ல தண்ணீரில் அலசி, வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். நாடா போன்று தட்டையான இலை ஒரு வகை; நூடுல்ஸ் போன்று உருண்டையான இலை இன்னொரு வகை; விரல்நகம் அளவுக்குச் சிறிய முட்டைவடிவ இலை இரண்டிரண்டாக முளைத்திருப்பது வேறொரு வகை. இலை உருண்டையா தட்டையா என்பதை விரலிடையில் உருட்டியே சொல்லிவிடலாம். வகைவாரியாகப் பிரித்து, எண்ணி, செய்தித்தாளுக்கிடையில் வைத்து உலர்த்தினால் பள்ளிக்கென்று ஓர் உலர்தாவரத் தொகுப்பு கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் அதே இடத்தில் திரும்பச் செய்தால் அது உண்மையான தரவாகவும் மாறும். இலைகளின்மேல் ஒட்டியிருக்கும் சிறு நத்தைகளையும் முட்டைகளையும் பார்த்த பிறகு, இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் எங்கே வளர்கின்றன என்று தனியாக விளக்க வேண்டிய தேவை இருக்காது.

கடற்பசுவை இந்த இடத்தில் கொண்டுவாருங்கள். உங்கள் கரையில் ஆவுளியா என்றால் எல்லோருக்கும் தெரியும். வளர்ந்த விலங்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 கிலோ வரை கடற்புல் தின்னும். கருக்காலம் ஓராண்டுக்கும் மேல். ஒரு முறைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். வலையில் சிக்கி ஆண்டுக்கு ஒன்றிரண்டு இறந்தாலே எண்ணிக்கை ஏன் மீளாது என்பதை ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே காட்டிவிடலாம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை சன்மானம் வழங்கியிருக்கிறது. இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் கடற்பசு மீட்புத் திட்டத்தில் மீனவர் வீட்டு மாணவர்களுக்கு உதவித்தொகையும் தரப்பட்டது. அறுத்த வலையின் விலை என்ன, சன்மானம் அதற்கு ஈடாகுமா என்று மாணவர்கள் கேட்டால் அதையும் கணக்கிடவிடுங்கள்.

செய்முறை ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கை செய்ய விரும்புகிறேன். கிளிஞ்சலை வினிகரில் போட்டு நுரை வருவதைக் காட்டி, கடல் அமிலமானால் சிப்பிகளெல்லாம் இப்படிக் கரைந்துவிடும் என்று சொல்வது பல பள்ளிகளில் வழக்கமாக இருக்கிறது. இது மிகைப்படுத்தல். கடல்நீரின் பி.எச். அளவு இப்போது ஏறத்தாழ 8.1, தொழிற்புரட்சிக்கு முன்பு ஏறத்தாழ 8.2. கடல் காரத்தன்மையுடனேயே இருக்கும். காரத்தன்மை குறையக் குறைய ஓடு கட்டுவது உயிர்களுக்குக் கடினமாகிறது என்பதே உண்மை. அதைவிட, கடல்நீரில் பள்ளி ஆய்வகத்தின் பொது நிறங்காட்டியைச் சில துளிகள் விட்டு, உறிஞ்சுகுழலால் மூச்சை ஊதி, நிறம் மெல்ல மாறுவதைக் காட்டுங்கள். கரியமில வாயு கடல்நீரில் என்ன செய்கிறது என்பதைப் பொய்யில்லாமல் சொல்லும் சோதனை அது. உறிஞ்சக் கூடாது, ஊத மட்டுமே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.


தங்கச்சிமடத்துப் பிள்ளை எழுதியது:

நான் ஆசிரியன் அல்லன். மீனவர் வீட்டில் பிறந்து, கரையோரப் பள்ளியில் படித்து, இப்போது வேறு தொழிலில் இருப்பவன். வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து இந்தப் பாடம் எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் கடல் பாதுகாப்பு என்றால் உறுதிமொழி. வரிசையாக நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி, கடல்வளத்தை அழிக்க மாட்டோம் என்று சொல்லச் செய்வார்கள். அழிப்பவர் யார் என்று அதில் வராது. ஆனால் எங்கள் அப்பாக்களைத்தான் சொல்கிறார்கள் என்பது எங்களுக்குப் புரியும். அருள்கூர்ந்து பிள்ளைகளை வீட்டுக்குள் உளவு பார்க்கிறவர்களாக ஆக்கிவிடாதீர்கள். "உன் வீட்டில் என்ன மடி வைத்திருக்கிறார்கள், எழுதிக்கொண்டு வா" என்ற வீட்டுப்பாடம் நல்ல நோக்கத்தோடு கொடுக்கப்பட்டாலும், தடைசெய்யப்பட்ட மடி இருக்கும் வீட்டுப் பிள்ளை அதற்கு என்ன எழுதும்? கோடியக்கரை ஐயா சொன்ன வலைப் பாடத்தைப் பெயரில்லாமல், பொதுவான துண்டுகளை வைத்து நடத்துங்கள்.

இன்னொன்று, கடலைக் காத்த கதை எங்கள் ஊர்களிலேயே இருக்கிறது. அது பாடத்தில் வருவதில்லை. மண்டபம், பாம்பன், தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைத் தோண்டிப் படகு படகாகக் கொண்டுவந்தார்கள். பவளத்தைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001இல் சேர்த்த பிறகும் அது உடனே நின்றுவிடவில்லை; சுனாமிக்குப் பிறகுதான் பெருமளவுக்கு ஓய்ந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. கல் எடுத்தவர்களும், அந்தத் தீவுகளை நீர்மட்டத்துக்கு மேல் பார்த்தவர்களும் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பேசச் செய்வது எந்த விளக்கப்படத்தையும் விட மேலானது. குற்றவாளியை விசாரிப்பது போல் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது மட்டும் உங்கள் பொறுப்பு.

பாசி எடுக்கும் பெண்களையும் அழையுங்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் பாசிக்குப் போவதில்லை என்றும், தடைக்காலத்தையொட்டிப் பாசிக்கும் ஓய்வு கொடுப்பதென்றும் பல ஊர்ப் பெண்கள் தாங்களே பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். முழுவதையும் பிய்த்தெடுக்காமல் அடியை விட்டுவிட்டு எடுப்பதும் அவர்கள் பழக்கிக்கொண்டதுதான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி இறங்கும் ஒரு அம்மா வகுப்பில் நின்று, தாங்கள் ஏன் இந்தக் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டோம் என்று சொன்னால், அது தன் தாயைப் பற்றிய பாடம் என்று ஒரு பெண் பிள்ளைக்காவது தோன்றும். பாம்பனிலிருந்து 90.4 அலைவரிசையில் ஒலிபரப்பாகும் கடல் ஓசை சமுதாய வானொலி மீனவ சமூகத்துக்காகவே 2016இல் தொடங்கப்பட்டது. உங்கள் ஊரில் அது எடுக்குமானால் மாணவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் அதே முறையில் பெரியவர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்து, மன்றத்தின் சேமிப்பாக வைக்கலாம்.

கடைசியாக, கடலுக்கு வரும் கேடு அனைத்தும் படகிலிருந்தே வருவதாகப் பாடம் முடிந்துவிடக் கூடாது. நகரத்துச் சாக்கடையும் இறால் பண்ணைக் கழிவும் அனல்மின் நிலையத்துச் சுடுநீரும் கரைப்பக்கத்திலிருந்தே போகின்றன. இறால் பண்ணைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்புக்குப் பின்னால் இருந்தது தஞ்சை, நாகைக் கரையோர மக்களின் போராட்டம். அதைச் சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து ஒரு வகுப்பாக எடுக்கலாம்.


ஆமைநடை எழுதியது:

சென்னையிலிருந்து சுருக்கமாக ஒரு குறிப்பு. இங்கே 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. ஜனவரி முதல் இரவு நேரங்களில் கரையோரமாக நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் கண்டெடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்குப் பின் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். என் மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். மேலே எழுதியவர்கள் வலை, கணக்கு, சட்டம் என்று பேசுவது சரியே. ஆனாலும் ஓர் உயிரின்மேல் ஏற்படும் அன்பை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். மணலைத் தோண்டும் ஆமையைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளை அதன் பிறகு கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கின்றன. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் உயிர், வலைக்குள் நெடுநேரம் அகப்பட்டால் மூச்சுமுட்டி இறந்துவிடும் என்பதை நான் விளக்கும் முன்பே, மடியில் ஆமை தப்பிக்கும் கருவியை ஏன் யாரும் பொருத்துவதில்லை என்று என் மாணவி கேட்டாள். பொருத்தினால் இறாலும் சேர்ந்து தப்பிவிடும் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள் என்பதுதான் விடை. அங்கிருந்து நீங்கள் பேசும் பிழைப்புக் கேள்விக்கே வந்துவிட்டோம்.


மன்னார்த் தீவு எழுதியது:

இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கின்றேன். நீங்கள் வடகடல் என்று சொல்லும் அதே நீர்ப்பரப்பின் மறுகரை எங்களுடையது என்பதனால் எழுதலாம் என்று எண்ணினேன்.

உங்கள் மாணவன் கேட்ட கடலட்டைக் கேள்விக்கு எங்கள் பக்கத்திலே வேறொரு வடிவம் இருக்கின்றது. இங்கே அனுமதிப்பத்திரம் பெற்றுக் கடலட்டை பிடிக்கலாம், விற்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். அண்மைய ஆண்டுகளில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்க் கரைகளில் வெள்ளை அட்டைப் பண்ணைகள் பெருகியிருக்கின்றன. அவை வருமானம் தருகின்றன என்று ஒரு தரப்பும், சிறுதொழில் மீனவர் பரம்பரையாகத் தொழில் செய்த ஆழங்குறைந்த பகுதிகளை வலையடைத்து எடுத்துக்கொண்டன என்று இன்னொரு தரப்பும் வாதிடுகின்றன. ஒரே உயிரினம், ஒரே கடல், இரண்டு நாடுகள், இரண்டு சட்டங்கள். இதனை உயர் வகுப்பிலே விவாதமாக நடத்தியபோது, முழுத்தடை வேண்டும் என்று பேசிய குழுவும் அனுமதி வேண்டும் என்று பேசிய குழுவும் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தேன். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் அது சத்தம் போடும் போட்டியாகவே முடிந்திருக்கும்.

இழுவைமடி பற்றியும் ஒன்று. எங்கள் பிள்ளைகள் இழுவைப்படகு என்றவுடன் இந்தியா என்றுதான் சொல்வார்கள். அவர்களுடைய தகப்பன்மாரின் வலைகள் அறுந்திருக்கின்றன. அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆயினும் எங்கள் கரையிலும் இழுவைமடித் தொழில் செய்தோர் இருந்தனர் என்பதையும், 2017இல் இலங்கை அதனைச் சட்டத்தால் தடைசெய்தபோது அவர்களும் பாதிக்கப்பட்டனர் என்பதையும் வகுப்பிலே சொல்லுகின்றேன். அடித்தளத்தைக் கிளறும் மடி எந்த நாட்டுக் கொடியின் கீழ் போனாலும் கடற்புல்லை ஒரே விதமாகத்தான் பிடுங்கும். இரு கரைப் பாடசாலைகளும் கரையில் ஒதுங்கும் கடற்புல் வகைகளை ஒரே மாதத்தில் எண்ணி, முடிவுகளைப் பரிமாறிக்கொள்ள முடிந்தால் எங்கள் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு சேருவார்கள். எங்களிடம் வாடைக்காலத்தில் நிறையவே ஒதுங்கும்.


வடகடல் ஆசிரியை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வலைத் துண்டுகளையும் கடற்புல் தொகுப்பையும் கட்டாயம் செய்யப்போகிறேன். மன்னார் ஆசிரியரோடு கடற்புல் எண்ணிக்கையைப் பகிர்ந்துகொள்ளவும் விரும்புகிறேன். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறேன். உறுதிமொழி பற்றிச் சொன்னதும் மனத்தில் தைத்தது. அதை நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

ஆனாலும் அந்த மாணவனின் கேள்விக்கு நேரடியான விடை இன்னும் என்னிடம் இல்லை. உயர்வகுப்பில் விவாதம் நடத்தலாம். எட்டாம் வகுப்பில் நின்றுகொண்டு ஒருவன் கேட்கும்போது நான் என்ன சொல்வது? அட்டை எடுத்ததற்காக வழக்கைச் சந்தித்த குடும்பங்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம்.


கடற்புல் மாணவன் எழுதியது:

என்னைக் கேட்டால் கேள்வியை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் உண்மையைச் சொல்வேன். கடல் அட்டைக்கு ஏன் தடை வந்தது என்பது முதல் கேள்வி. மண்புழு நிலத்தில் செய்வதை அட்டை கடலடியில் செய்கிறது. மண்ணை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருளைத் தின்று, மீதியை வெளியேற்றுகிறது. அதற்கு ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது, கையாலேயே பொறுக்கிவிடலாம். நம் ஊரில் யாரும் அதைத் தின்பதில்லை; அவித்து உலர்த்தி வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு என்பதால் விலை ஏற ஏற எடுப்பவர்களும் பெருகினார்கள். ஆணும் பெண்ணும் முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விடுவதால், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கருவுறும். எண்ணிக்கை குறைந்து தள்ளித் தள்ளிக் கிடந்தால், இருப்பவை இருந்தும் பெருகாது. 2001இல் எல்லா வகைக் கடல் அட்டையையும் சட்டத்தில் சேர்த்ததற்கு இதுவே அடிப்படை. இதை எட்டாம் வகுப்பு மாணவன் எளிதாகப் புரிந்துகொள்வான்.

அட்டைக்குத் தண்டனையும் மடிக்கு மானியமும் நியாயமா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு, நியாயமில்லை என்று எண்ணுகிறவர்கள் கடல் அறிவியலாளர்களிடையேயும் இருக்கிறார்கள் என்று தயங்காமல் சொல்லலாம். முழுத்தடைக்குப் பதிலாக அளவு, பருவம், இனம் பார்த்து அனுமதிக்கலாம் என்ற கருத்து ஆய்வாளர்களிடமும் உண்டு. தூத்துக்குடியில் 1988லேயே செயற்கை முறையில் அட்டைக் குஞ்சுகளை உற்பத்தி செய்து காட்டிய நாடு இது. சட்டம் இப்போது இப்படி இருக்கிறது, அதை மீறினால் தண்டனை உண்டு, அது மாற வேண்டும் என்று கேட்பதற்கும் வழி உண்டு என்ற மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். அவனுடைய கேள்வி சரியான கேள்வி என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். வழக்கு நடக்கும் குடும்பத்தைப் பற்றி மட்டும் வகுப்பில் எவர் பேச்செடுத்தாலும் நிறுத்திவிடுங்கள்.


கோடியக்கரை எழுதியது:

நல்ல விடை. அதோடு நடைமுறைக் குறிப்பு ஒன்றிரண்டு. பெற்றோரின் இசைவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கரைக்கு அழைத்துப் போகும் நாளில் நீர் வற்றும் நேரத்தை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது என்பதை விதியாக்குங்கள். மீனவர் பிள்ளைக்கு நீந்தத் தெரியும் என்ற நினைப்பில்தான் பள்ளிகள் அசட்டையாக இருந்துவிடுகின்றன. தேசியப் பூங்காத் தீவுகளுக்கு வனத்துறை அனுமதியின்றிப் போக முடியாது. அந்த அலைச்சலை முதல் ஆண்டிலேயே இழுத்துக்கொள்ள வேண்டாம். காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுப் பயணம் உங்களுக்குப் பக்கம்தான். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகமும் இருக்கிறது. உயிருள்ள எதையும் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். சினை நண்டைக்கூடக் கரையிலேயே பார்த்துவிட்டு வந்துவிடுவது நல்லது.

வலைப் பாடத்தைப் பள்ளி திறந்தவுடன் ஜூன் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். தடைக்காலம் முடியாத அந்த நாட்களில் விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்ப்பில் இருக்கும். ஆட்கள் நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். கேட்டால் பேசுவதற்கு நேரமும் இருக்கும். 15ஆம் தேதி படகுகள் இறங்கிவிட்டால் பிறகு அவர்களைப் பகலில் பிடிப்பது கடினம்.